யூதர்கள் யாரைப் போல இருப்பார்கள்?

என்னிடம் வந்த கேள்வி இது: "யூதர் என்பது மதமா, இனமா? எல்லோரும் பெரும் பணக்காரர்கள், அபார மூளைக்காரர்கள், உலகத்தையே பின்னாலிருந்து ஆட்டுவிப்பவர்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். போன நாட்டிலெல்லாம் விரட்டப்பட்டார்கள் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எதை நம்புவது? இந்தியாவில் அவர்களை எப்படிப் பார்த்தார்கள்?"

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் யூதர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர்தான். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 7.2 கோடி, அதில் கால் பங்குகூட இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது யூதர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அந்த எண்ணிக்கையை இன்றுவரை அவர்கள் திரும்ப எட்டவில்லை. இருக்கிறவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். அப்படியென்றால் உலகத்தில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் யூதர் என்றால் இப்படித்தான் என்ற சித்திரம் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மதமா, இனமா என்றால், இரண்டில் எந்தச் சொல்லும் முழுதாகப் பொருந்தாது. மரபுப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். முறைப்படி மதம் மாறி வந்தவரும் யூதர். கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டாலும் பிறப்பால் யூதராகவே இருப்பார். நம்மூர்ச் சாதியைப் போலப் பிறப்பும் உறவும் திருமண வட்டமும் உண்டு. அதே சமயம் ஒரு மறைநூலும் சட்டமும் உண்டு. இரண்டையும் சேர்த்து 'ஒரு மக்கள்' என்று சொல்வதே பொருத்தம்.

அந்த மக்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் அடுத்த விஷயம். ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலிருந்து கிழக்கே போலந்து, ரஷ்யா வரை பரவியவர்கள் அஷ்கெனாசிகள், ஜெர்மனிலிருந்து வந்த இட்டிஷ் மொழியைப் பேசினார்கள். ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் செஃபார்டிகள். பழைய ஸ்பானிஷிலிருந்து வந்த லடினோவைப் பேசினார்கள். பாக்தாத் யூதர்கள் அரபி பேசினார்கள், இஸ்ஃபஹான் யூதர்கள் பாரசீகம் பேசினார்கள், கொச்சி யூதர்கள் மலையாளம் பேசினார்கள். கொங்கண யூதர்களுக்கு மராத்திதான் தாய்மொழி. பொதுவாக இருந்தவை எபிரேயத்தில் பிரார்த்தனை, சனிக்கிழமை ஓய்வு, எட்டாம் நாள் விருத்தசேதனம், உணவுக் கட்டுப்பாடு ஆகியவை. மற்றபடி ஆடை, சமையல், பாட்டு எல்லாம் அக்கம்பக்கத்திலிருந்து வந்தவை.

அதனால் 'மற்றவர்கள் யூதர்களை எப்படிப் பார்த்தார்கள்' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அண்டை வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே இது தெரியும்.

மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில் பெனே இஸ்ரேல் என்று ஒரு சமூகம். நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள், அவர்களின் வாரிசுகள் நாங்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. செக்கில் எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் தோண்டித் துருவவில்லை. எண்ணெய் ஆட்டுகிறவர்கள், சனிக்கிழமை லீவு விடுகிறவர்கள், அது போதும். அவர்களும் பென்கர், நவ்காவ்கர், திவேகர் என்று ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்துக்கொண்டு மராத்தியர்களாகவே வாழ்ந்தார்கள். எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்ல அவலில் தேங்காயும் வெல்லமும் பழமும் கலந்து 'மலிதா' படைப்பார்கள். உலகத்தில் வேறு எந்த யூதரும் இதைச் செய்வதில்லை. அவலையும் வெல்லத்தையும் பார்த்தவுடன் நமக்குத்தான் புரியும், இது எந்த மண்ணின் வழக்கம் என்று.

சீனாவில் கைஃபெங் நகரத்து யூதர்கள் 1163இல் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். அங்கே அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'நரம்பை எடுக்கும் மதத்தார்'. யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டித் தொடையில் அடிபட்ட கதையின் நினைவாக, இறைச்சியிலிருந்து தொடை நரம்பை நீக்கிவிட்டுத்தான் யூதர்கள் சாப்பிட வேண்டும். சீனர்கள் கண்ணில் பட்டது அந்தக் கறிக்கடைப் பழக்கம்தான். 1605இல் அந்த ஊரைச் சேர்ந்த ஐ தியான் என்ற அறிஞர் பெய்ஜிங்கில் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியைப் பார்க்கப் போனார். ஒரே கடவுளை வணங்கும் வெளிநாட்டார், முஸ்லிம்களும் அல்ல என்று கேள்விப்பட்டு, நம்மவர்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அங்கே இருந்த மரியாள், குழந்தை இயேசு, யோவான் படத்தைப் பார்த்து, ரெபேக்காளும் அவள் பிள்ளைகள் யாக்கோபும் ஏசாவும் என்று எண்ணி வணங்கியும் விட்டார். ரிச்சியோ, வந்தவர் ஒரு சீனக் கிறித்தவர் என்று முதலில் நினைத்தார். யூதர்களைப் பற்றி நான் படித்தவற்றில் இந்தச் சந்திப்பு அளவுக்கு மனத்தைத் தொட்டது குறைவு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பல நூற்றாண்டுகள் தனியாக இருந்த ஒருவர் தன் சொந்தக்காரரைத் தேடிப் போன கதை அது.

இந்த இரண்டு பெயர்களிலும் வெறுப்பு இல்லை. எத்தியோப்பியாவில் நிலைமை வேறு. அங்கிருந்த யூதர்கள் தங்களை பேட்டா இஸ்ரேல் என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்கள் 'ஃபலாஷா' என்றார்கள். நிலமற்றவர், அந்நியர் என்று பொருள். நிலம் வைத்துக்கொள்ளும் உரிமை போனதால் மண்பாண்டமும் இரும்புவேலையும் செய்து பிழைத்தார்கள். நெருப்போடு வேலை செய்கிறவர்களிடம் கண்ணேறு சக்தி உண்டு, இரவில் கழுதைப்புலியாக மாறிவிடுவார்கள் என்று ஊரார் பயந்தார்கள். பகலில் அவர்களிடமே கலப்பைக் கொழுவும் பானையும் வாங்குவார்கள். இரவில் அவர்களைக் கண்டு நடுங்குவார்கள். முதலில் நிலத்தைப் பறிப்பது, அப்புறம் மிச்சமிருக்கும் ஒரே தொழிலுக்குள் தள்ளுவது, அப்புறம் அந்தத் தொழிலைக் காட்டியே அவர்களைச் சந்தேகிப்பது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் நடந்ததும் இதுதான். அங்கே தொழில் இரும்புக்குப் பதிலாக வட்டி.

இடைக்கால ஐரோப்பாவின் பெரும்பகுதியில் யூதர் நிலம் வாங்குவது கடினம். கைவினைச் சங்கங்கள் கிறித்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டன. கிறித்தவர் கிறித்தவருக்கு வட்டிக்குக் கொடுப்பது பாவம் என்று திருச்சபை தடுத்தது. ஆனால் கடன் இல்லாமல் அரசன் போருக்குப் போக முடியாது, விவசாயி விதை வாங்க முடியாது. அந்த வேலை யூதர் தலையில் விழுந்தது. அரசன் அவர்களைத் தன் சொத்தாக நடத்தினான். அவர்கள் வசூலித்ததை வரியாகப் பிழிந்துகொண்டான். ஜனங்களின் கோபம் மட்டும் யூதர்மேல் தங்கியது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 1190 மார்ச்சில் சுமார் 150 யூதர்கள் கோட்டைக் கோபுரத்துக்குள் சிக்கி மாண்டார்கள். அது முடிந்தவுடன் கூட்டம் நேராகப் போனது பேராலயத்துக்கு. அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எல்லாம் எடுத்துக் கொளுத்தினார்கள். மதவெறிக்கு அடியில் என்ன இருந்தது என்று சொல்ல இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1215இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, யூதர்கள் பார்த்தவுடன் தெரியும்படி வேறு உடை உடுத்த வேண்டும் என்றது. 1348இல் கொள்ளைநோய் வந்தபோது கிணற்றில் விஷம் கலந்தவர்கள் யூதர்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. யூதர்களும் அதே நோயில்தான் சாகிறார்கள், அவர்களே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறது என்று போப் ஆறாம் கிளமெண்ட் எடுத்துச் சொல்லியும் கேட்பாரில்லை. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அந்த ஊரில் அப்போது நோய் வந்திருக்கவே இல்லை.

நம் ஆட்களுக்கு யூதர் என்றவுடன் நினைவுக்கு வருவது பள்ளிப் பாடத்தில் படித்த ஷைலக். கடனுக்கு ஈடாகச் சதை கேட்கும் அந்தப் பாத்திரத்தை ஷேக்ஸ்பியர் 1590களின் பிற்பகுதியில் எழுதினார். இங்கிலாந்து தன் யூதர்களை மொத்தமாக வெளியேற்றியது 1290இல். மீண்டும் அனுமதித்தது 1656இல். அதாவது அந்த நாடகம் எழுதப்பட்டபோது, யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வாழ்ந்த ஒருவர்கூட அந்நாட்டில் மூன்று நூறு வருடங்களாக இல்லை. நாடகம் பார்க்க வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் ஒரு யூதரையும் நேரில் பார்த்திராதவர்கள். அந்தச் சித்திரம் கப்பலேறிப் பாடப்புத்தகம் வழியாக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்து சேர்ந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பர்மாவில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் அடைக்க முடியாத நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம்வரை போனது. யாரும் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம்தான், நிலம் அல்ல. ஆனால் பர்மியர் கண்ணில் 'செட்டி' என்றால் ரத்தம் உறிஞ்சுகிறவர். அந்தக் கோபம் துறைமுகக் கூலிகள்மேலும் ரிக்‌ஷா இழுத்தவர்கள்மேலும் விழுந்தது. ரங்கூனில் வாழ்ந்த பெரும்பாலான இந்தியர்களிடம் கடன் கொடுக்கக் காசே கிடையாது. ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்தது இதுதான். ஆனால் அங்கே அது ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது, மதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

பணக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரோத்சைல்ட் குடும்பம் உண்மை. ஃபிராங்க்ஃபர்ட்டின் நெருக்கடியான யூதத் தெருவிலிருந்து கிளம்பி, ஐந்து மகன்கள் ஐந்து நகரங்களில் வங்கி நடத்தியது உண்மை. ஆனால் அதே காலத்தில் ரஷ்யப் பேரரசின் மேற்கு எல்லைக்குள் அடைக்கப்பட்ட லட்சக்கணக்கான யூதர்கள் தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், வண்டியோட்டிகள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாதவரை இட்டிஷில் 'லுஃப்ட்மென்ஷ்' என்பார்கள். காற்றில் வாழ்கிறவர் என்று அர்த்தம். அப்படி ஒரு தனிச்சொல் தேவைப்படும் அளவுக்கு அங்கே வறுமை இருந்தது. அவர்களில் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது கதவு பூட்டியிருந்ததால் 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். தெசலோனிகி துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் யூதர்களே. அவர்களுக்கு ஓய்வு நாள் என்பதால் அந்தத் துறைமுகமே சனிக்கிழமைகளில் மூடிக்கிடந்தது. 1943இல் ஒரு சில மாதங்களில் அந்தச் சுமைகூலிகளையும் அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் நாஜிகள் ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அவர்களின் பழைய இடுகாட்டின்மேல் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது.

உலகத்தை ஆட்டுவிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு ஒரு தெளிவான பிறப்பிடம் உண்டு. 1903இல் ரஷ்யாவில் ஒரு பத்திரிகையில் 'சியோன் மூத்தோரின் நடவடிக்கைக் குறிப்புகள்' என்று ஒன்று வெளிவந்தது. யூதப் பெரியவர்கள் ரகசியமாகக் கூடி உலகைப் பிடிக்கத் திட்டமிட்டதாகக் காட்டும் ஆவணம் அது. 1921இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் அது அப்பட்டமான போலி என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டியது. மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து 1864இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய நூலிலிருந்து பகுதி பகுதியாகத் திருடியிருந்தார்கள். அந்த நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே கிடையாது. அமெரிக்காவில் கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு இந்தச் சரக்கைத் தன் பத்திரிகையில் தொடர்ந்து பரப்பி, 1927இல் மன்னிப்புக் கேட்டார். போலி என்று தெரிந்த பிறகும் நாஜிகள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட பாதையில் அந்தக் காகிதமும் கிடந்தது. இன்றைக்குத் தமிழில் 'உலகை ஆளும் பதின்மூன்று குடும்பங்கள்' என்று வரும் வீடியோக்கள் இந்தப் பழைய சரக்கைத்தான் புதுப் பொட்டலத்தில் கட்டித் தருகின்றன. தயவுசெய்து அவற்றை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

புகழ்ச்சியாக வருவதையும் இதோடு சேர்க்க வேண்டும். யூதப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கணக்குப் போடுவார்கள், பாதாம் சாப்பிடுவார்கள், அதனால்தான் பிள்ளைகள் நோபல் வாங்குகிறார்கள் என்று ஒரு செய்தி வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தென் கொரியாவில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் ஆவார்கள் என்று யூதச் சட்ட, விளக்க நூலான தல்மூத்தின் கதைகளைக் குழந்தைப் புத்தகமாக அடித்து, பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் யூதர்களோ மிகமிகக் குறைவு. உண்மையான காரணம் மூளைக்குள் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின், பலிபீடம் போய் புத்தகம்தான் மதத்தின் நடுவே வந்தது. எந்த ஏழைத் தந்தையும் மகனுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது சமயக் கடமையானது. நூற்றாண்டுக்கணக்கில் படிக்கத் தெரிந்த ஒரு சமூகத்துக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் பல்கலைக்கழகக் கதவு திறந்தபோது அது பலன் கொடுத்தது. எல்லோரும் மேதை என்று சொல்வதும் எல்லோரும் சதிகாரர் என்று சொல்வதும் எனக்கு ஒரே நாணயத்தின் இரண்டு பக்கமாகத் தெரிகிறது. நேற்றுவரை 'எவ்வளவு புத்திசாலிகள்' என்று வியந்தவர்தான், மனம் கசந்த நாளில் 'எவ்வளவு தந்திரக்காரர்கள்' என்பார்.

சரி, இந்தியாவுக்கு வருகிறேன். எனக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் யூதர்களின் தொழுகைக்கூடமான பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. கொச்சி அரசர் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, குலதெய்வமான பழையன்னூர் பகவதி கோயிலை ஒட்டி இடம் கொடுத்தார். உள்ளே தரையில் சீனாவிலிருந்து வந்த நீல-வெள்ளை ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது உலகத்து ஜெபாலயங்களில் பொதுவழக்கம் அல்ல, அது இந்த மண் கொடுத்தது. முதன்முறை நான் அங்கே போனபோது, கோயில் மணிச்சத்தம் ஜெபாலயத்துக்குள் கேட்டதைக் கவனித்து அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஜெபாலயத்தின் பெரும் சொத்து இரண்டு செப்பேடுகள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்தவை. வட்டெழுத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துவரும் காலத்து மொழியில் எழுதப்பட்டவை. நம்மவர்களுக்குப் பாதிக்கு மேல் புரியும். ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அதில் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று பெயர். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் அவருக்கு வழங்கப்படுகின்றன: பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம் என்ற ஊதுகொம்பு, தோரணம். உலகமும் சந்திரனும் உள்ளவரை அவர் வழியினர் அனுபவிக்க வேண்டும் என்கிறது செப்பேடு. குடையும் பறையும் யாருக்குச் செல்லும் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் யூதருக்குத் தனி அடையாள உடை என்று சட்டம் வருவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பு, இங்கே யூதர் ஒருவருக்கு அரச மரியாதை எழுதிக் கொடுக்கப்பட்டது.

அதற்காக இங்கே துன்பமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கோவாவில் போர்த்துகீசியர் 1560இல் மதவிசாரணை மன்றம் வைத்தார்கள். 1662இல் டச்சுக்காரர்களுக்கு ஆதரவாக நின்றதற்காகக் கொச்சி ஜெபாலயத்தைக் கொள்ளையடித்து எரித்தார்கள். ஆனால் உள்ளூர் அரசர்களோ அக்கம்பக்கத்தாரோ யூதர் என்பதற்காகவே அவர்களைத் துரத்தியதாக இந்திய வரலாற்றில் இல்லை. காரணம் நம் முன்னோர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பதல்ல. இங்கே ஏற்கெனவே நூறு சாதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கும்பிடு, தனிச் சாப்பாடு, தனிக் கல்யாணம். இன்னொன்று வந்து சேர்ந்தபோது யாருக்கும் அது புதிராகத் தெரியவில்லை. இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழியும் இங்கே யாருக்கும் பொருட்டில்லை.

சாதியாக ஏற்றுக்கொண்டதற்கு ஒரு விலையும் இருந்தது. கொச்சியில் நெடுங்காலமாக இருந்த மலபார் யூதர்களைக் 'கறுப்பு யூதர்' என்றும், பின்னால் ஸ்பெயின், மேற்காசியப் பக்கமிருந்து வந்தவர்களை 'வெள்ளை யூதர்' அல்லது பரதேசிகள் என்றும் பிரித்தார்கள். வெள்ளை யூதர் வீட்டு அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வாரிசுகளைப் பரதேசி ஜெபாலயத்தில் பெஞ்சில் உட்கார விடவில்லை. வேதச்சுருளை வாசிக்க விடவில்லை. அந்த வாரிசுகளில் ஒருவர் ஆபிரகாம் பராக் சலேம், 1882இல் பிறந்தவர். மெட்ராஸுக்கு வந்து பட்டமும் சட்டமும் படித்தார். வக்கீலாகத் திரும்பிப் போய், காந்தி வழியில் தன் சொந்த ஜெபாலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். வருடக்கணக்கில் போராடி அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். 1950இல் அவர் மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது கொச்சியில் எதிர்ப்பு. கல்யாணம் பம்பாயில் நடந்தது. எருசலேமின் சட்டத்தில் இல்லாத தீண்டாமையை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சென்னைக்கும் யூதர்கள் வந்திருக்கிறார்கள். 1600களின் பிற்பாதியில் போர்த்துகீசிய வழிவந்த யூதர்கள் லண்டனிலிருந்து வந்து, மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொடுத்து கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் பெயர். 1688இல் மெட்ராஸ் கார்ப்பரேஷன் தொடங்கியபோது ஆல்டர்மென் எனும் மூத்த உறுப்பினர்களாக யூத வணிகர்களும் இருந்தார்கள். கலாக்ஷேத்ராவின் இயக்குநராக இருந்த நடனக் கலைஞர் லீலா சாம்சனின் தந்தை, வைஸ் அட்மிரல் பெஞ்சமின் சாம்சன், பெனே இஸ்ரேல் சமூகத்தவர். டாக்காவில் 1971இல் பாகிஸ்தான் படையின் சரணடைதலைப் பேசி முடித்த ஜெனரல் ஜேக்கப், கல்கத்தாவின் பாக்தாத் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இப்போது நாடு முழுக்க யூதர் ஐயாயிரத்துக்கும் குறைவு.

மற்றவர்களில் பலர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். போனவர்களை இங்கே யாரும் துரத்தவில்லை; ஆனால் போன இடத்திலும் மற்றவர் பார்வை அவர்களை விடவில்லை. கொச்சி யூதர்கள் இஸ்ரேல் கிளம்பியபோது யானைக்கால் நோய் பரவும் என்று அங்கிருந்த அதிகாரிகள் தயங்கி நிறுத்திவைத்தார்கள். பெனே இஸ்ரேல்காரர்களின் யூதத்தன்மையில் சந்தேகம் எழுப்பி, 1962இல் அங்குள்ள தலைமை ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், திருமணத்துக்குத் தனி விசாரணை வேண்டும் என்றார்கள். போராட்டம் நடந்தது. 1964இல் நாடாளுமன்றம் தலையிட்டு, அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்றது. எத்தியோப்பியாவிலிருந்து 1991 மே மாதம் ஒன்றரை நாளில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்த அதே நாட்டில், அவர்கள் தானம் செய்த ரத்தத்தை யாருக்கும் சொல்லாமல் கொட்டிவிட்டது 1996இல் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். எத்தியோப்பியாவில் ஃபலாஷா, இஸ்ரேலில் கறுப்பர்.

இஸ்ரேல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு யூதர் என்றாலே பலர் அந்த அரசைத்தான் நினைக்கிறார்கள். 1948இல் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். காசாவில் நடந்ததைக் கண்டு கோபப்படுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. அப்படிக் கோபப்படுகிறவர்களில் யூதர்களும் ஏராளம். 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து யூதர்கள் பிடுங்கி எறியப்பட்டதும் நடந்தது. நவீன ஈராக்கின் முதல் நிதியமைச்சரே ஒரு யூதர், சாசூன் எஸ்கெல். 1950-51இல் அந்த நாட்டு யூதர்களில் ஏறத்தாழ எல்லோரும், 1,20,000 பேர், குடியுரிமையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வெளியேறினார்கள். ஓர் அரசு செய்வதற்கு அந்த அரசிடம் கேளுங்கள். துனிசியாவின் ஜெர்பா தீவில் பாட்டன் பூட்டன் காலம் முதல் நகை செய்துவரும் யூதரிடமோ, 2008 பயங்கரவாதத் தாக்குதலில் மும்பையின் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் கொல்லப்பட்ட ஆறு பேரிடமோ அதற்குக் கணக்குக் கேட்க முடியாது.

கொச்சிப் பக்கம் போனால் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே கூட்டம் அதிகம், சனிக்கிழமை மூடியிருக்கும். வடக்கே பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். இரண்டு ஊர் ஜெபாலயங்களையும் கேரள அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. சேந்தமங்கலத்தில் கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஜெபாலயமும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஜெபாலய வாசலில் ஓர் எபிரேயக் கல்வெட்டு நிற்கும், இந்தியாவில் கிடைத்தவற்றிலேயே மிகப் பழையது. 1269இல் இறந்த ஒரு பெண்ணின் கல்லறைக் கல். அதில் இருக்கும் பெயர், இஸ்ரேலின் மகள் சாரா.